கறையான் விமர்சகன் அல்ல

“நல்ல பாட்டு எப்படியும் நின்னுடும் சார்.” பழைய பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிப் பேச்சை முடித்துவைத்துவிடுகிறார். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி நடுவர்கள் சொல்கிறார்கள். மெல்லிசைக் குழு நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். முகூர்த்த நாளில் குன்றத்தூர் மலையடிவாரத்து மண்டபங்களில் அதே சில பாட்டுகளை மறுபடியும் கேட்டபடி பந்தியில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களும் சொல்கிறார்கள்.

காதுக்கு இதமான பேச்சு. அதனால்தான் யாரும் அதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதில்லை. நல்லது நின்றுவிடும் என்றால், நிற்காமல் போனது நல்லதில்லை என்று ஆகிறது. ஓடாத படத்தின் பாட்டு, விற்காத இசைத்தட்டு, வானொலி சீண்டாத தொகுப்பு ஆகிய எல்லாவற்றின் மேலும் கேட்காமலேயே தீர்ப்பு எழுதியாயிற்று. இந்தத் தீர்ப்பைத்தான் நான் மறுக்கிறேன். மறந்துபோனதெல்லாம் மாணிக்கம் என்று வாதாட வரவில்லை. ஒரு பாட்டு நின்றதற்கும் அது நல்ல பாட்டாக இருப்பதற்கும் நாம் நினைக்கிற அளவுக்கு உறவு கிடையாது; நடுவில் தேதி, பணம், வழக்கு, நட்சத்திரம், கடைக்காரர், அறிவிப்பாளர் என்று ஒரு கூட்டமே நிற்கிறது. என் கட்சி அவ்வளவுதான்.

குன்றத்தூரில் இருந்துகொண்டு இதைச் சொல்வதில் எனக்கு ஒரு வசதி உண்டு. இது சேக்கிழார் பிறந்த ஊர். கும்பகோணம் பக்கத்துத் திருநாகேசுவரத்தின் மேல் கொண்ட பற்றால் அவர் எழுப்பிய கோயில் இன்றும் ஊருக்குள் இருக்கிறது. அவருடைய பெரிய புராணத்தில் பெரும்பகுதி, பாட்டுப் பாடியவர்களின் கதை. சம்பந்தர் ஊர் ஊராகப் பாடிப் போகிறார். திருநீலகண்ட யாழ்ப்பாணர் கூடவே யாழோடு போகிறார். அப்பரும் சுந்தரரும் அப்படியே. அந்தப் பாட்டுகளுக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்வது வேறொரு நூல், திருமுறை கண்ட புராணம்.

அதன் கதை தெரிந்ததுதான். சோழ மன்னன் காலத்தில் தேவாரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே காதில் விழுந்தது. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியைத் துணைகொண்டு மன்னன் தில்லைக்குப் போனான். ஏடுகள் பூட்டிய அறைக்குள் இருந்தன. திறந்தால் மேலே புற்று. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்தபோது மிஞ்சியது கொஞ்சம். சம்பந்தர் பாடியவை பதினாறாயிரம் பதிகம் என்கிறது மரபு. இன்று நம் கையில் இருப்பவை நானூறுக்கும் குறைவு. மரபின் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம், பத்தில் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் போனது பெரும்பகுதி. ஏடு கிடைத்த பிறகும் பண் கிடைக்கவில்லை. எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துத்தான் பண்ணை அடைவு செய்தார்கள்.

இந்தக் கதையில் எனக்கு வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அரித்துப்போன ஏடுகளைக் கண்டு மன்னன் கலங்கியபோது அசரீரி ஒன்று கேட்டதாம்: இக்காலத்துக்கு வேண்டியதை வைத்துவிட்டு மற்றதைச் செல்லரிக்க விட்டோம் என்று. “நல்ல பாட்டு நின்னுடும் சார்” என்பதன் ஆதி வடிவம் இதுதான். பக்தருக்கு அந்த அசரீரி போதும். அவருக்குப் பின்னால் ஒரு கடவுள் இருக்கிறார். இசைத்தட்டுக்கும் கேசட்டுக்கும் அப்படி யாரும் பொறுப்பேற்கவில்லை. கறையான் இலக்கணம் பார்த்து ஏடு தின்பதில்லை. நல்ல பதிகமும் சுமாரான பதிகமும் அதற்கு ஒரே பனையோலை.

நம் இலக்கியம் முழுவதும் இந்த அசரீரிக்கு எதிரான சாட்சிதான். 1880இல் கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், “சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். கேட்கப்பட்டவர் உ.வே.சாமிநாதையர்; மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர், கல்லூரியில் தமிழாசிரியர். படித்ததில்லை. சேக்கிழார் காலத்து அரசன் மயங்கிக் கிடந்தான் என்று சொல்லப்படுகிற காப்பியம், எழுநூறு ஆண்டில் தமிழின் தலைமாணாக்கருக்கே எட்டாத இடத்துக்குப் போயிருந்தது. 1887இல் அது அச்சேறியதற்குக் காரணம் காலமா, அந்த முன்சீப்பின் கேள்வியா? அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகியிருந்தால்?

சினிமாப் பாட்டுக்கு வருகிறேன்.

1960இல் ‘பாதை தெரியுது பார்’ வந்தது. இடதுசாரிக் கலைஞர்கள் கூடி எடுத்த படம். இயக்கியவர் வங்காளத்திலிருந்து வந்த நிமாய் கோஷ். இசை எம்.பி.சீனிவாசன். பாட்டு எழுதியவர்களில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கே.சி.எஸ். அருணாசலம், ஜெயகாந்தன். தேசிய விருதில் நற்சான்றிதழ் வாங்கிய படம், ஓடவில்லை. இன்று அந்தப் படத்தைப் பார்த்தேன் என்று சொல்கிற ஒருவரைக் கண்டுபிடிப்பது சிரமம். ஆனால் அதில் ஜெயகாந்தன் எழுதி, பி.பி.ஸ்ரீநிவாஸும் எஸ்.ஜானகியும் பாடிய பாட்டை அறியாத பழைய பாட்டு ரசிகர் கிடையாது. “பார்த்தீர்களா, நல்ல பாட்டு நின்றது” என்பார்கள். சரி. அதே படத்தில், அதே ஆண்டில், அதே இசையமைப்பாளர் போட்ட மற்ற பாட்டுகள்? அவற்றில் எத்தனையை உங்களால் சொல்ல முடியும்? ஒரே கை செய்த வேலையில் ஒன்று கரையேறியிருக்கிறது. மற்றவை கரையேறாததற்கு அவற்றின் தரம்தான் காரணம் என்றால், முதலில் அவற்றைக் கேட்டிருக்க வேண்டாமா?

எம்.பி.எஸ். என்கிற மனிதரையே எடுத்துக்கொள்வோம். சென்னைத் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர். வாத்தியம் வாசிப்பவனுக்கு அன்றைய கூலி அன்றைக்கே வர வேண்டும் என்று பேசியவர். சென்னையில் சேர்ந்திசைக் குழு அமைத்து பாரதியைப் பல குரலில் பாட வைத்தவர். தமிழில் அவருக்குக் கிடைத்த படங்கள் சொற்பம். தொழிற்சங்கம் நடத்துகிறவருக்குப் படம் கொடுக்க எத்தனை முதலாளிகள் முந்திக்கொண்டு வருவார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ‘எடுப்பார் கைப்பிள்ளை’, ‘மதன மாளிகை’, ‘புதுச்செருப்பு கடிக்கும்’ என்று படப் பெயரைச் சொன்னால், அப்படி ஒரு படமா என்று கேட்பவர்கள்தான் அதிகம். மலையாளத்தில் அவர் வேறு ஆள். ஓ.என்.வி. குறுப்பின் வரிகளுக்கு அவர் போட்ட மெட்டுகளை அங்கே கொண்டாடுகிறார்கள். அதே மனிதர், அதே காது, அதே ஆர்மோனியம். வாளையாறுக்கு அந்தப் பக்கம் நல்ல இசையாகவும் இந்தப் பக்கம் மறக்கத்தக்கதாகவும் ஒரே இசை இருக்க முடியுமா?

இனி, எல்லோரும் என் முகத்துக்கு நேரே நீட்டுகிற உதாரணம்: ‘குணா’. 1991 தீபாவளிக்கு, நவம்பர் 5 அன்று, இரண்டு படங்கள் வந்தன. இரண்டுக்கும் இளையராஜா. ஒன்று மணிரத்னத்தின் ‘தளபதி’, ரஜினியும் மம்மூட்டியும். இன்னொன்று சந்தானபாரதியின் ‘குணா’. எது ஓடியது என்பது தெரியும். 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் கொடைக்கானல் குகைக்குள் இறங்கி, ‘குணா’வின் பாட்டு ஒன்றை வெளியே தூக்கிக்கொண்டு வந்தது. 1991இல் பிறந்தே இராத பிள்ளைகள் அதைப் பாடித் திரிந்தார்கள். “காலம் நீதி வழங்கிவிட்டது” என்று பத்திரிகைகள் எழுதின.

காலமா வழங்கியது? சிதம்பரம் என்ற மலையாள இயக்குநர் வழங்கினார். அதுவும் ஒரு பாட்டுக்கு. அதே தொகுப்பில் யேசுதாஸ் பாடியது ஒன்று உண்டு. அபிராமி அந்தாதியில் தொடங்கி மெட்டுக்குள் வழுக்கி இறங்கும் அது. ஜானகியோடு பழம்பெரும் நடிகை எஸ்.வரலட்சுமி சேர்ந்து பாடியது ஒன்று உண்டு. இந்துஸ்தானி சாயலும் முதிர்ந்த குரலின் கமறலும் சேர்ந்து, கேட்பவரை எங்கோ தெரியாத வீட்டு வாசலில் நிறுத்திவிடும். இளையராஜாவே பாடிய ஒன்றும் உண்டு. குகைக் காட்சியில் இவற்றுக்கு வேலை இல்லை, ஆகவே இவை வெளியே வரவில்லை. குகையில் மாட்டிக்கொண்ட நண்பனின் கதைக்குப் பதிலாக ஒரு தாயின் கதையை அந்த இயக்குநர் எடுத்திருந்தால், வேறு பாட்டு வந்திருக்கும். நாமும் அதைத்தான் காலத்தின் நீதி என்று கும்பிட்டிருப்போம். ‘தளபதி’க்கு இந்தத் துணை தேவைப்படவே இல்லை. அதன் பாட்டு ஒன்றை லண்டன் தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ. தன் ‘கலா’ தொகுப்பின் முதல் பாட்டிலேயே 2007இல் எடுத்து ஒட்டினார். ஓடிய படத்துக்கு வாசல் பல.

லண்டன் என்றதும் நினைவுக்கு வருவது, இந்தத் தீபாவளிக் கூத்து அங்கேயும் நடந்தது என்பது. கிங்க்ஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழு தன் ‘வில்லேஜ் கிரீன்’ தொகுப்பை 1968 நவம்பர் 22 அன்று வெளியிட்டது. கிராமத்துத் திடல், நீராவி ரயில், பழைய நண்பன், மங்கும் புகைப்படம் என்று சின்னச் சின்னப் பாட்டுகளாகக் கோத்த மாலை. அதே நாளில் கடைக்கு வந்தது பீட்டில்ஸின் வெள்ளை உறைத் தொகுப்பு. போதாக்குறைக்கு, அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் விதித்த தடையால் 1965இலிருந்து கிங்க்ஸ் அமெரிக்காவில் மேடையேற முடியவில்லை. தொகுப்பு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் தலைகாட்டவே இல்லை. இன்று அதை, குழுவின் பாட்டுகளை எழுதிய ரே டேவிஸின் தலைசிறந்த வேலை என்கிறார்கள். 1968க்கும் இன்றைக்கும் இடையில் அந்தப் பாட்டுகளில் ஒரு ஸ்வரமும் மாறவில்லை. ஆக, அன்று அது தோற்றதற்குக் காரணம் பாட்டுக்குள் இல்லை.

“அதுதான் கடைசியில் ஜெயித்துவிட்டதே, பிறகென்ன?” என்பார்கள். இந்த இடத்தில்தான் வாதத்தின் ஓட்டை இருக்கிறது. ஜாம்பீஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குழுவின் கதையைக் கேளுங்கள். 1967இல் ஆயிரம் பவுண்டு கையில் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில், ‘ஒடிஸி அண்ட் ஆரகிள்’ என்ற தொகுப்பைச் செய்தார்கள். உறை வரைந்த ஓவியர் ‘ஒடிஸி’யை எழுத்துப் பிழையோடு எழுதிவிட்டார், அப்படியே அச்சாயிற்று. அதற்கு முந்தைய பாட்டுகள் விலைபோகாமல், தொகுப்பு வெளிவருவதற்குள் குழுவே கலைந்துவிட்டது. பாடகர் காலின் பிளன்ஸ்டோன் இன்சூரன்ஸ் கம்பெனி வேலைக்குப் போனார். தொகுப்பை அமெரிக்காவில் வெளியிடவே கம்பெனிக்கு விருப்பமில்லை. அல் கூப்பர் என்ற இசைக் கலைஞர் லண்டனில் அதை வாங்கிக் கேட்டுவிட்டு, கம்பெனியில் சொல்லிச் சொல்லி வெளியிட வைத்தார். 1969இல் அதன் கடைசிப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கு ஏறியது. அப்போது அப்படி ஒரு குழுவே இல்லை. சும்மா இருப்பார்களா, போலி ஜாம்பீஸ் குழுக்கள் கிளம்பி ஊர் ஊராகக் கச்சேரி செய்தன!

இது காலத்தின் வெற்றி என்று சொல்வது அல் கூப்பருக்குச் செய்கிற துரோகம். கரையேறியவர்களை மட்டும் வரிசையாக நிறுத்திவைத்து, “பாருங்கள், ஆறு யாரையும் மூழ்கடிப்பதில்லை” என்கிறார்கள். மூழ்கியவர்கள் வந்து சாட்சி சொல்ல முடியாது. அல் கூப்பர் கடைக்குப் போகாத நாட்களில் லண்டனில் வெளியான தொகுப்புகளின் பட்டியல் யாரிடம் இருக்கிறது?

நம் பக்கத்து அல் கூப்பர்கள் யார்? முதல் வரிசையில் இலங்கை வானொலி. 1952 முதல் அகில இந்திய வானொலி திரைப்பாட்டுக்கு மூக்கைச் சுளித்தது. அமைச்சர் கேஸ்கரின் காலம். விவித பாரதி 1957இல்தான் வந்தது. அந்த இடைவெளியில் கொழும்பு நம் வீடுகளுக்குள் நுழைந்து, அதற்குப் பிறகும் பல ஆண்டு வெளியேறவில்லை. கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்கள் படம் ஓடியதா என்று பார்த்துப் பாட்டைப் போடவில்லை. தமிழ்நாட்டில் ஒரு வாரம் ஓடிய படத்தின் பாட்டு, கொழும்பு இசைத்தட்டு அறையில் இருந்ததால் மட்டும் பத்து வருடம் ஒலித்தது. கொழும்புக்குத் தட்டுப் போய்ச் சேராத பாட்டுக்கு அந்த ஆயுள் இல்லை.

இரண்டாவது வரிசையில், பல்லாவரத்திலும் பம்மலிலும் தாம்பரத்திலும் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒன்றாக இருந்த ரெக்கார்டிங் கடைகள். வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்துவிட்டு வந்தால் நான்கு நாளில் பதிந்து கொடுப்பார்கள். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு, கொஞ்சம் இழுத்தால் ஏழு. ஆகவே ஒரு படத்துக்கு ஒரு பாட்டு, மிஞ்சிப்போனால் இரண்டு. தமிழ்நாட்டில் ஒரு தொகுப்பை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசையாகக் கேட்கும் பழக்கம் வளராததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். பட்டியலில் வராத மூன்றாவது, நான்காவது பாட்டு தரத்தில் குறைந்து தோற்கவில்லை. நாடாவில் இடமில்லாமல் தோற்றது. கடைசியில் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தால் கடைக்காரர் தன் விருப்பத்துக்கு எதையாவது பதிந்து வைப்பார். என் தலைமுறையில் பலருடைய ரசனை அந்த மிச்ச நாடாவில்தான் உருவானது. அந்தக் கடைக்காரர்களுக்கு எந்த விழாவிலும் யாரும் பொன்னாடை போர்த்தியதில்லை.

படமே இல்லாத தொகுப்புக்கு நிலைமை இன்னும் மோசம். இளையராஜா 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ வெளியிட்டார். தியாகராஜருக்கும் ஐரோப்பிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கை. வி.எஸ்.நரசிம்மனின் வயலின் முன்னே நிற்க, கர்நாடக ராகமும் ஐரோப்பியப் பலகுரல் கட்டுமானமும் ஒன்றையொன்று விழுங்காமல் நடக்கின்றன. என் கணிப்பில் அந்தப் பத்தாண்டின் தமிழிசையில் இதைவிடத் துணிச்சலான வேலை இல்லை. இளையராஜா உச்சத்தில் இருந்த ஆண்டு அது. பெயர் போதாமல் போயிற்று என்று சொல்ல முடியாது. ஆனால் கதாநாயகன் இல்லை, கட்-அவுட் இல்லை, திருமண மண்டபத்தில் பாட வரிகள் இல்லை. பாலு மகேந்திரா ‘வீடு’ படத்துக்குப் பின்னணியாக அதிலிருந்து எடுத்துக்கொண்டார். இன்றும் பலர் அதை ‘வீடு’ படத்து இசை என்றே அறிந்திருக்கிறார்கள். சொந்தக் காலில் நிற்கப் பிறந்த இசையைக்கூட ஒரு படத்தின் தோளில் ஏற்றித்தான் நாம் அடையாளம் காண்கிறோம். இதில் “எப்படியும் நின்னுடும்” எங்கே வந்தது?

இப்போது புதிதாக ஒரு பதில் சொல்கிறார்கள்: எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே, இனி எதுவும் தொலையாது. இளைஞர்கள் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். விவரம் தெரிந்தவர்களும் சொல்கிறார்கள். தில்லை அறையிலும் ஏடு ‘இருக்கத்தான்’ செய்தது. செயலிகள் படப் பெயராலும் நடிகர் முகத்தாலும் அடுக்கப்பட்டவை. பெயர் தெரியாத படத்தை எந்தப் பெயரில் தேடுவது? இன்னொன்று, அந்தக் கணக்குப்பொறி ஏற்கெனவே பலர் கேட்டதைத்தான் நமக்கும் எடுத்து நீட்டுகிறது. பலர் கேட்பதால் நாம் கேட்கிறோம், நாம் கேட்பதால் இன்னும் பலருக்குப் போகிறது. ஓடிய படம் மேலும் ஓடுகிறது. பாட்டு எழுதியவர் பெயர் பாதி இடங்களில் இல்லை. வயலின், புல்லாங்குழல், தபேலா வாசித்தவர்கள் பெயர் அநேகமாக எங்கும் இல்லை. உரிமை வழக்கு ஒன்று வந்தால் நேற்று இருந்த தொகுப்பு இன்று இருக்காது. ‘குணா’ 2024இல் இத்தனை கொண்டாட்டத்துக்கு நடுவே மறுவெளியீட்டுக்குக் கிளம்பியபோது அதுவே உரிமை வழக்கில் மாட்டிக்கொண்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஓடாத படங்களின் பாட்டுகளில் பெரும்பாலானவை உண்மையிலேயே சுமார்தான். எழுபது, எண்பதுகளில் வாரத்துக்கு ஒன்றாகப் போட்டுத் தள்ளியதில் அவசர வேலையும் இரவல் மெட்டும் நிறைய. எல்லாவற்றையும் யாரும் நினைவில் வைத்திருக்க முடியாது, வைத்திருக்கவும் வேண்டாம். ஆனால் ஓடிய படங்களின் பாட்டுகளிலும் பெரும்பாலானவை சுமார்தானே? அவை மட்டும் நட்சத்திரத்தின் பிறந்தநாள்தோறும் ஒலிபெருக்கியில் உயிர்த்தெழுகின்றன. மறதி இரு பக்கமும் ஒரே அளவாக வேலை செய்திருந்தால் காலத்தை நடுவர் என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. அது தோற்ற பக்கம் மட்டுமே மேய்ந்திருக்கிறது.

ஆகவே, தயவுசெய்து அந்த வாக்கியத்தைக் கைவிடுங்கள். மெல்லிசைக் குழு நடத்துகிறவர்கள் ஒரு கச்சேரிக்கு ஒரே ஒரு பாட்டாவது கூட்டத்துக்குத் தெரியாததாகப் பாடட்டும். கைதட்டல் குறைந்தால் குறையட்டும். பண்பலை வானொலிக்காரர்கள் ஒரு படத்தின் பிரபலமான பாட்டைப் போட்ட கையோடு அதே படத்தின் நான்காவது பாட்டையும் போடட்டும், எழுதியவர் பெயரைச் சொல்லட்டும். அனகாபுத்தூர், பம்மல், குன்றத்தூர்ப் பக்கம் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுகிறவர்களிடம் தனியாக ஒரு விண்ணப்பம்: பரணிலிருந்து இறக்குகிற கேசட், இசைத்தட்டு, பாட்டுப் புத்தகம் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உறையின் இரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்கள் வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நம் பக்கத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான்.